‘லேப் ஸ்லோவா இருக்குண்ணே’: ஒரு மடிக்கணினிக்குள் என்ன நடக்கிறது?

போன ஆடியில், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆரியங்காவிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவுடன் செங்கோட்டையில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்தாள். புனலூர் பக்கம் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

“அண்ணே, வைரஸ் ஏறிருச்சுன்னு நெனைக்கேன். ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஃபார்மட் பண்ணித் தாங்க.”

அம்மா இடையில் புகுந்தார். “நாலு வருஷம் ஆச்சு தம்பி, ஆயுசு முடிஞ்சுபோச்சோ என்னமோ. புதுசுதான் வாங்கணும்னா இப்பவே சொல்லிருங்க.”

அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் அதன் எதிரில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை படிந்திருந்தது. தூசி, போர்வை நூல், தலைமுடி எல்லாம் சேர்ந்து பாய் பின்னியதுபோல இறுகிப் போயிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. விரல் நீளம் இருக்கும். வைரஸும் இல்லை, ஆயுசும் முடியவில்லை. காற்று போகிற வழி அடைத்திருந்தது, அவ்வளவுதான்.

‘ஸ்லோ’, ‘ஹேங்’, ‘சூடு’, ‘சார்ஜ் நிக்கல’ என்று நாம் சொல்வதெல்லாம் ‘காய்ச்சல்’ என்று சொல்வது மாதிரி. காய்ச்சல் என்றால் சளியாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ‘ஃபார்மட்’ என்ற ஒரே மாத்திரையைப் போடுகிறோம், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுகிறோம். இதனால் நல்ல மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புதுசு எடுத்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை முதலிலிருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும்.

மேசையிலிருந்து மடிக்கு

டீக்கடையையும் சைக்கிளில் கேன் கட்டி டீ விற்பவரையும் நினைத்துப் பாருங்கள். டீ ஒன்றுதான். ஆனால் கடைக்காரருக்கு அடுப்பு, தண்ணீர்க் குழாய், பெஞ்சு எல்லாம் அருகிலேயே உண்டு. சைக்கிள்காரர் சூட்டையும் பாலையும் கிளாஸையும் தானே சுமக்க வேண்டும். எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று அவர் தினமும் கணக்குப் போட்டாக வேண்டும்.

மேசைக் கணினிக்கும் லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசம் இதேதான். மேசைக் கணினிக்குப் பெரிய பெட்டி உண்டு, உள்ளே காற்று தாராளமாக ஓடும், பின்னால் சுவரில் பிளக் இருக்கும், ஒரு பாகம் போனால் கழற்றி மாற்றலாம். லேப்டாப் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. அதன் வரலாறு முழுக்க இந்தப் பேரம்தான். அதன் கோளாறுகளில் பெரும்பாலானவையும் இந்தப் பேரத்திலிருந்து வந்தவை.

கையில் எடுத்துப் போகும் கணினி என்ற கனவு பழையது. 1972-லேயே அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கே என்பவர், குழந்தைகள் நோட்டுப் புத்தகம் மாதிரி தூக்கிப் போகிற ஒரு கணினியை ‘டைனாபுக்’ என்ற பெயரில் வரைந்து காட்டினார். அதைச் செய்யும் தொழில்நுட்பம் அன்று இல்லை. 1975-ல் ஐபிஎம் 5100 வந்தது. ‘எடுத்துச் செல்லத்தக்கது’ என்றார்கள், ஆனால் எடை சுமார் 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி.

பிறகு 1981 ஏப்ரலில் வந்தது ஆஸ்பர்ன் 1. வணிகரீதியில் வெற்றி பெற்ற முதல் கையடக்கக் கணினி என்று சொல்லப்படுவது இதுதான். ‘கையடக்கம்’ என்பதை அந்தக் காலத்து அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். 11 கிலோ எடை, பெட்டியோடு தூக்கும் தையல் மெஷின் அளவு, நடுவில் 5 அங்குலத் திரை, 64 கிலோபைட் நினைவகம், விலை 1,795 டாலர். பேட்டரி கிடையாது, பிளக்கில் செருகினால்தான் ஓடும். ஆனாலும் விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைக்க முடிந்ததே, அதுவே அன்று பெரிய புரட்சி.

இதை உருவாக்கிய ஆடம் ஆஸ்பர்னைப் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பாங்காக்கில் 1939-ல் பிறந்தவர். அவர் தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியார். ஆடம் சிறுவயதில் வளர்ந்தது நம் திருவண்ணாமலையில். அப்புறம் இங்கிலாந்து, அமெரிக்கா என்று போனார். கம்பெனி ஏறிய வேகத்திலேயே இறங்கியது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டதால் ஜனங்கள் பழையதை வாங்காமல் காத்திருந்தார்கள் என்பார்கள். 1983-ல் திவாலானது. கடைசிக் காலத்தில் அவர் தமிழ்நாட்டுக்கே திரும்பிவந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார். உலகம் முழுக்க மனிதர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிய கதையில் திருவண்ணாமலையில் வளர்ந்த ஒரு பையன் இருக்கிறான்.

ஆஸ்பர்ன் 1 பெட்டிதான், மடியாது. இன்று நாம் பார்க்கும் மாதிரி, திரையைக் கீபோர்டின் மேல் மூடும் வடிவம் 1982-ல் கிரிட் காம்பஸ் என்ற கணினியில் வந்தது. வடிவமைத்தவர் பில் மோக்ரிட்ஜ். 8,000 டாலருக்கு மேல் விலை. நாசாவின் விண்கலத்தில்கூடப் போய்வந்தது. உடம்பு மெக்னீசிய உலோகம். பிளாஸ்டிக் சூட்டை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும், உலோகம் வெளியே கடத்தும். பாருங்கள், அன்றைக்கே சூடுதான் பிரச்சினை.

தமிழில் ‘மடிக்கணினி’ என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். மடியில் வைப்பதும் மடிதான், மடிப்பதும் மடிதான். ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆப்பிளின் பவர்புக், கீபோர்டைத் திரைப் பக்கமாகத் தள்ளி, முன்னால் உள்ளங்கை வைக்க இடம் விட்டது. இன்று எல்லா லேப்டாப்பும் அப்படித்தான் இருக்கிறது. 2003-ல் இன்டெலின் சென்ட்ரினோ வந்து ஒயர் இல்லாத வைஃபையை வழக்கமாக்கியது. 2007-ல் ஏசுஸ் நிறுவனத்தின் 7 அங்குலக் குட்டி லேப்டாப், 2008-ல் காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டப்பட்ட மேக்புக் ஏர், 2020-ல் ஃபேனே இல்லாமல் வேகமாக ஓடிய எம்1 மேக்புக் ஏர். நம் பக்கத்துக்கு உண்மையான திருப்பம் 2011 செப்டம்பர். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது அப்போதுதான். இங்கே பல வீடுகளில் முதல் கணினி அதுதான். அக்கா வைத்திருந்ததைத் தம்பி வைத்திருக்கிறான், இன்னும் எங்கள் மேசைக்கு வருகிறது.

இதுவரை சொன்னதை ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப் என்பது சின்ன கணினி என்பதைவிட, இடத்தையும் காற்றையும் பிளக்கையும் விட்டுக்கொடுத்த கணினி.

மளிகைக் கடையில் மூன்று இடம்

அடுத்து உள்ளே போகலாம். மூன்றே மூன்று சொல் தெரிந்தால் போதும். செங்கோட்டை பஜாரில் ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கல்லாவில் நின்று நிறுத்துக் கொடுத்துக் கணக்குப் போடுகிற அண்ணாச்சிதான் புராசஸர். எல்லா வேலையையும் செய்கிற சில்லு இது. அவருக்கு முன்னால் இருக்கிற மேசைதான் ரேம். இப்போது நடக்கிற வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பரப்பிவைக்கும் இடம், ராத்திரி கடை அடைத்தால் மேசை காலியாகிவிடும். கடைக்குப் பின்னால் இருக்கிற குடோன்தான் சேமிப்பகம். உங்கள் போட்டோ, பாடம், சாஃப்ட்வேர் எல்லாம் கரண்ட் போனாலும் அங்கே அப்படியே இருக்கும்.

‘மெமரி ஃபுல் ஆயிருச்சு’ என்று வருபவர்களில் பாதிப் பேர் குடோனைச் சொல்கிறார்கள், பாதிப் பேர் மேசையைச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. போட்டோவை அழித்தால் குடோனில் இடம் வரும், மேசை பெரிதாகாது.

மேசை சின்னதாக இருந்து கூட்டம் அதிகமானால் என்ன ஆகும்? அண்ணாச்சி கடைப் பையனிடம் ஒரு சாமானைக் குடோனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்றை எடுத்துவரச் சொல்வார். ரேம் போதாதபோது கணினி இதையே செய்கிறது. பிரவுசரில் இருபது பக்கம் திறந்து வைத்திருக்கும்போது, ஒரு பக்கத்தைத் தொட்டால் வெள்ளையாக நின்று யோசிக்கிறதே, பையன் குடோனுக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

குடோனிலும் இரண்டு வகை. பழைய வகை ஹார்டு டிஸ்க். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு, பெரும்பாலான லேப்டாப்பில் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதன் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கும். எவ்வளவு வேகமாக ஓடினாலும், இடம் மாறி மாறித் தேடுவதென்றால் விநாடிக்குச் சுமார் நூறு தடவைதான் முடியும். புதிய வகை எஸ்எஸ்டி. சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை, முழுக்கச் சில்லுகள். அதே தேடலை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும்.

பத்து வருடப் பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால், ஐந்து நிமிடம் திறந்தது அரை நிமிடத்துக்குள் திறக்கும். நான் செய்கிற வேலைகளில் எனக்கே மனசு நிறைகிற வேலை இது. அரசு கொடுத்த லேப்டாப்பை மாற்றிக் கொடுத்த அன்று, அது திறந்த வேகத்தைப் பார்த்து ஒரு பையன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

ஆக, அண்ணாச்சி, மேசை, குடோன். இனி ‘ஸ்லோ’ என்றால் இந்த மூன்றில் யார் தாமதிக்கிறார் என்று கேட்க வேண்டும்.

சூடு: லாரியும் ரேடியேட்டரும்

புளியரை எஸ் வளைவில் கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரியைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். ரேடியேட்டரில் சாக்குத் துணி ஒட்டியிருந்தால் டிரைவர் என்ன செய்வார்? வண்டியை நிறுத்த மாட்டார், வேகத்தைக் குறைத்து ஊர்ந்து ஏறுவார். எஞ்சின் கெட்டுப்போகவில்லை, எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகத்தான் மெதுவாகப் போகிறார்.

புராசஸருக்குள் நூறு கோடிக்கணக்கில் நுண்ணிய சுவிட்சுகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பெயர் டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றும் விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடும்போது கொஞ்சம் மின்சாரம் சூடாக மாறுகிறது. தபால்தலை அளவுச் சில்லிலிருந்து 15 முதல் 45 வாட் வரை சூடு தொடர்ந்து கிளம்பும். சூட்டைக் கடத்தாவிட்டால் சில்லு கருகிவிடும்.

அதனால் சில்லின் மேல் ஒரு செம்புக் குழாய் வைத்திருப்பார்கள். பார்க்கக் கம்பி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே காலி. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளித் தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். சில்லுப் பக்கம் அந்தத் தண்ணீர் ஆவியாகும், மறுமுனைக்கு ஓடும், அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும், குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி மாதிரியான படலம் வழியே திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் ஆவி குளிர்ந்து சொட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, ஆனால் வெறும் செம்புக் கம்பியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இது வெப்பக் குழாய்.

குழாயின் மறுமுனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். அவற்றின் இடைவெளி வழியே ஃபேன் காற்றைத் தள்ளிச் சூட்டை வெளியேற்றும். ஆரியங்காவுப் பெண்ணின் லேப்டாப்பில் பாய் பின்னியிருந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

வழி அடைத்ததும் சில்லின் வெப்பம் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும். அப்போது புராசஸர் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை த்ராட்லிங் என்பார்கள், லாரி டிரைவர் ஊர்வது மாதிரி. நமக்குத் தெரிவது ‘ஸ்லோ’ மட்டும்தான். ஃபார்மட் செய்தால் இது சரியாகுமா? டயரை மாற்றினால் ரேடியேட்டர் அடைப்பு போகுமா?

இன்னொன்று, சில்லுக்கும் செம்புக்கும் நடுவில் ஒரு பசை தடவியிருப்பார்கள், தெர்மல் பேஸ்ட் என்று பெயர். இரண்டு பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய மேடு பள்ளம் இருக்கும், அதில் காற்று தங்கினால் சூடு கடக்காது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பசை. சில வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிரும். அந்தப் பெண்ணுக்கு நான் செய்த வேலை மொத்தமும் தூசி எடுத்ததும் இந்தப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும்தான். முக்கால் மணி நேரம்.

“கட்டில்ல வச்சுப் படிக்கக் கூடாதாண்ணே?” என்று கேட்டாள். பெரும்பாலான லேப்டாப் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கும். மெத்தையில் வைத்தால் அந்த வாய் மூடிவிடும், போர்வை நூலும் உள்ளே போகும். அடியில் ஒரு தட்டையான பலகை வைத்தால் போதும் என்றேன். “சப்பாத்திப் பலகை சும்மாதான் கெடக்கு, வட்டமா இருந்தா பரவால்லையா தம்பி?” என்றார் அம்மா. கட்டிலில் ஆடாமல் நிற்கிற அளவு அகலம் இருந்தால் தாராளமாக வைக்கலாம்.

எப்போது மெதுவாகிறது?

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரத்தைக் கவனியுங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஃபேன் இரைந்து, அதற்கப்புறம் மெதுவானால் பெரும்பாலும் சூடு. சுவிட்ச் போட்ட நிமிடத்திலிருந்தே ஊர்ந்தால், குறிப்பாகத் திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்தால், ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஒரு வேலை மட்டும் செய்தால் சரி, நாலைந்து சேர்ந்து திறந்தால் திணறுகிறது என்றால் ரேம்.

விண்டோஸ் உள்ளவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். புராசஸர், ரேம், டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று காட்டும். மெதுவாக இருக்கும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பையன் குடோனில் மூச்சு வாங்குகிறான்.

வைரஸ் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. திருட்டு சாஃப்ட்வேர் போட்ட மெஷின்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘வைரஸ்’ என்று வருகிற பத்தில் ஓரிரண்டு இருந்தால் அதிகம். பழைய விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. மெஷின் ஓடும், ஓட்டை அடைக்க ஆள் வராது. அதில் வங்கி வேலை செய்யாமல் இருப்பது நல்லது.

பேட்டரி: மலை ஏறி இறங்கும் கூட்டம்

பேட்டரியைப் பற்றித்தான் தவறான யோசனைகள் அதிகம் உலவுகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் இரண்டு தளங்கள். ஒன்று கிராஃபைட், அதாவது பென்சில் கரி மாதிரிப் பொருள். இன்னொன்று ஓர் உலோக ஆக்சைடு. லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள லித்தியம் அணுக்கள், இரண்டுக்கும் நடுவில் போய்வருகின்றன. சார்ஜ் போடுவது என்பது இந்தக் கூட்டத்தை மலை மேல் ஏற்றி, கிராஃபைட் அடுக்குகளுக்குள் உட்காரவைப்பது. ஏற்றுவதற்கு வெளியிலிருந்து சக்தி வேண்டும், அதைத்தான் சார்ஜர் கொடுக்கிறது. நீங்கள் லேப்டாப்பை உபயோகிக்கும்போது கூட்டம் தானே மலை இறங்குகிறது, இறங்கும்போது மின்சாரம் தருகிறது. இதைச் சாத்தியமாக்கிய மூவருக்கு, குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ, 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் லித்தியம் வழியில் வேறு பொருளோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், திரும்பி வராது. பேட்டரி ‘வயதாவது’ இதனால்தான். பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு சுமார் 80 சதவீதக் கொள்ளளவுக்கு வந்துவிடும், நல்லவை 1,000 சுற்றுவரை தாங்கும். பாதி பாதியாக இரண்டு முறை சார்ஜ் செய்தால் அது ஒரு சுற்று.

கொள்ளளவை வாட்-மணி என்ற அலகில் சொல்வார்கள். 50 வாட்-மணி பேட்டரி, லேப்டாப் சராசரியாக 10 வாட் இழுக்கிறது என்றால் 5 மணி நேரம். அதே பேட்டரி தேய்ந்து 30-க்கு வந்தால் 3 மணி நேரம். வீடியோ எடிட்டிங் செய்து 30 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்தான். கணக்கு இவ்வளவுதான். ‘சார்ஜ் நிக்கல’ என்பது பேட்டரி தேய்ந்ததாலா, இழுவை கூடியதாலா என்று இதில் தெரிந்துவிடும்.

“முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்” என்று இன்றும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கான யோசனை. லித்தியத்துக்கு அது கெடுதல். அடிக்கடி பூஜ்யம் வரை இறக்காதீர்கள். “ராத்திரி பூரா போட்டா வெடிச்சிரும்” என்பதும் அப்படியே பொருந்தாது, நிறைந்ததும் உள்ளிருக்கும் சர்க்யூட் நிறுத்திவிடும். ஆனால் எப்போதும் 100 சதவீதத்தில், சூட்டோடு இருந்தால் பேட்டரி சீக்கிரம் தேயும். பிளக்கிலேயே வைத்து வேலை செய்பவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி தங்கள் மாடலில் இருக்கிறதா என்று பார்த்து அதைப் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயப்பட வேண்டும்: வீக்கம். உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி அப்பளம் மாதிரி உப்பும். டச்பேட் மேலே தூக்கும், லேப்டாப் மேசையில் சமமாக உட்காராது. அப்படித் தெரிந்த அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், நீங்களே கழற்றவும் வேண்டாம்.

எந்த வகை யாருக்கு?

வகைகள் எல்லாம் அந்தப் பழைய பேரத்தின் வெவ்வேறு முடிவுகள்தான். மெல்லிய லேப்டாப் எடையைக் குறைத்து, பேட்டரியைக் கூட்டி, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. கேமிங் லேப்டாப் வேகத்தைப் பிடித்துக்கொண்டு எடை, இரைச்சல், பேட்டரி நேரம் மூன்றையும் விட்டது. குரோம்புக் 2011-ல் வந்த வகை, பெரும்பாலான வேலையை இணையத்திலேயே செய்துவிடும் என்பதால் உள்ளே அதிகம் தேவையில்லை. நெட் இழுக்காத மலையடிவார ஊரில் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். திரையைத் திருப்பி டேப்லெட் ஆக்கும் வகையும் உண்டு, வரைபவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்குக் கீல் செலவு.

கடையில் ஏமாறுகிற ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். ‘ரெண்டுமே ஐ5 தான்’ என்பார்கள். ஐ5 என்பது இன்டெல் புராசஸர் வரிசை ஒன்றின் பெயர். பெயர் ஒன்றானாலும் இரண்டும் ஒன்றாகாது. இன்டெல் புராசஸர் எண்ணின் கடைசியில் யு என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வழக்கமாக 15 வாட் அளவில் ஓடும் வகை, ஹெச் இருந்தால் 45 வாட் அளவு. பி.காம் படிக்கும் பிள்ளைக்கு முதல் வகை நிறையவே போதும். கட்டட வரைபடம், வீடியோ என்றால் இரண்டாவது. எண்ணின் தொடக்கம் எந்தத் தலைமுறை என்று காட்டும், அதையும் பாருங்கள். மற்றபடி எஸ்எஸ்டி இருக்கிறதா, பின்னாளில் ரேமைக் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டால் போதும். மிக மெல்லிய மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய பலகை) பற்றவைத்திருப்பார்கள், அதைக் கூட்ட முடியாது.

சாரல், டீ, அப்புறம் அந்தச் ‘சுர்’

நம் பக்கத்துக்கென்றே ஒரு வியாதி உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைக் கணவாய் வழியே சாரல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். பீரோவில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் லேப்டாப்புக்குள்ளும் அதே ஈரம் போகும், கீபோர்டின் மெல்லிய தடங்கள் அரித்துப்போகும். வாரம் ஒரு முறையாவது போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். ரொம்ப நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி அளவில் வைத்து மூடுங்கள். முழுக்கக் காலியாக வைத்துவிட்டால் மறுபடி எழும்பாமலே போகலாம்.

கீபோர்டில் டீ கொட்டினால் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சுவிட்ச் போடாதீர்கள், கெடுவதே அந்த நிமிடத்தில்தான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைத்து அப்படியே கடைக்கு எடுத்துவாருங்கள். அரிசி மூட்டையில் புதைப்பது வேண்டாம். டீயில் இருக்கும் சர்க்கரையையும் பாலையும் அரிசி எடுக்காது, திறந்து கழுவித்தான் எடுக்க வேண்டும்.

கீல் உடைவது அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு. கீல் கெட்டியானது, அதைப் பிடித்திருக்கும் இடம் வெறும் பிளாஸ்டிக். ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து அந்தப் பிளாஸ்டிக் விட்டுப்போகும். நடுவில் பிடித்துத் திறந்தால் நிறைய நாள் வரும்.

அப்புறம், உலோக உடம்பு லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுத் தொட்டால் விரலில் ‘சுர்’ என்று இழுக்கிறதே? அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் ஒரு சின்ன பாகம் இருக்கிறது, அது வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் கசிந்து எர்த் ஒயரில் போய்விட வேண்டும். வீட்டில் எர்த் சரியில்லை என்றாலோ, மூன்று முள் பிளக்கில் ஒன்றை ஒடித்துவிட்டாலோ, அது உங்கள் விரலைத் தேடுகிறது. அந்த அளவுக் கசிவு ஆளை அடிக்காது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் இருக்குமே, அவற்றுக்காகவாவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கடைக்குக் கொண்டுவரும் முன்

முக்கியமானதை ஒரு பென்டிரைவிலோ போனிலோ எடுத்துவைத்துவிடுங்கள், எந்தக் கடையாக இருந்தாலும். ‘ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாமல், போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா, எத்தனை வேலை திறந்திருக்கும்போது என்று சொல்லுங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முடிந்தால் உங்கள் முன்னாலேயே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். பாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீங்கிய பேட்டரியைத் தவிர.

ஆரியங்காவுப் பெண்ணுக்கு எந்தப் பாகமும் மாற்றவில்லை. அவள் அந்தத் தூசிப் பட்டையைக் கேட்டாள். கிளாஸில் எல்லாரும் வைரஸ் என்றுதான் சொன்னார்களாம், காட்ட வேண்டுமாம். ஒரு தாளில் மடித்துக் கொடுத்தேன். பையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைக்கப் போனவள், ஒரு விநாடி நின்று, அதை எடுத்து அம்மாவின் கூடையில் போட்டாள்.